வெளிநாட்டுப் பதிவு விமானத்தை ஓட்ட உங்கள் லைசென்ஸ் செல்லுமா? படிப்படியாகப் பார்ப்போம்

கையில் பி.பி.எல். என்ற தனியார் விமானி லைசென்ஸ் இருக்கிறது, மருத்துவச் சான்று காலாவதியாகவில்லை, வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்துக் கொஞ்ச நேரம் பறக்கலாம் என்று ஆசை. அல்லது வேறொரு நாட்டில் பதிவான நண்பரின் விமானத்தை எல்லை தாண்டி ஓட்டிப் போக வேண்டியிருக்கிறது. "ஐ.சி.ஏ.ஓ. லைசென்ஸ்தானே, உலகம் முழுக்கச் செல்லும்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். நம்பாதீர்கள். கார் ஓட்டுபவர்களுக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்று ஒன்று இருக்கிறது, விமானிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஐ.சி.ஏ.ஓ. என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு யாருக்கும் லைசென்ஸ் கொடுப்பதில்லை. தரத்தை வகுப்பது அது, லைசென்ஸ் கொடுப்பது ஒவ்வொரு நாடும்.

இதைக் கண்டுபிடிக்க நான் ரொம்பவே அலைந்தேன். கிளப்பில் கேட்டால் ஒரு பதில், வாடகைக்கு விடுபவரிடம் கேட்டால் வேறொரு பதில், அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்டால் விதியின் எண் மட்டும் பதிலாக வரும், விளக்கம் வராது. அதனால்தான் ஒரே இடத்தில் வரிசையாக எழுதி வைக்கிறேன். இது சம்பளமோ வாடகையோ வாங்காமல் சொந்தமாகச் சிறிய விமானம் ஓட்டுபவர்களுக்கானது. பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுவதானால் விதிகள் வேறு, இதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

1. முதலில் விமானத்தின் பதிவெழுத்தைப் பாருங்கள்

போகும் நாட்டின் விதியைத் தேடுவதற்கு முன்னால், ஓட்டப் போகும் விமானத்தின் உடலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையில் 32ஆவது பிரிவு சொல்வது இதுதான்: நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் விமானியிடம், அந்த விமானம் பதிவான நாடு கொடுத்த லைசென்ஸ் இருக்க வேண்டும், அல்லது அந்த நாடு "செல்லும்" என்று ஏற்றுக்கொண்ட லைசென்ஸ் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழிக்குத்தான் வேலிடேஷன் என்று பெயர்.

அமெரிக்கப் பதிவு ஆங்கில 'என்' எழுத்தில் தொடங்கும். பிரிட்டன் 'ஜி', ஜெர்மனி 'டி', பிரான்ஸ் 'எஃப்', கனடா 'சி', இந்தியா 'விடி', சிங்கப்பூர் '9வி', மலேசியா '9எம்', இலங்கை '4ஆர்', ஆஸ்திரேலியா 'விஎச்'. ஒரு விமானம் ஒரு நேரத்தில் ஒரே நாட்டில்தான் பதிவாகியிருக்க முடியும், அதனால் இதில் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் விமானம் நிற்கிற நாடும் பதிவான நாடும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்காக நிற்கிற அமெரிக்கப் பதிவு விமானங்கள் ஏராளம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் லைசென்ஸும் விமானத்தின் பதிவும் ஒரே நாடு என்றால், அந்த விமானத்தோடு வேறு நாடுகளுக்குப் போவது பெரும்பாலும் லைசென்ஸ் பிரச்சினையே இல்லை. 33ஆவது பிரிவின்படி மற்ற நாடுகள் அதை ஏற்றாக வேண்டும். இரண்டு விதிவிலக்குகளை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று, அதே 32ஆவது பிரிவின் இரண்டாம் பகுதி: நீங்கள் ஒரு நாட்டின் குடிமகனாக இருந்துகொண்டு வேறு நாட்டில் லைசென்ஸ் வாங்கியிருந்தால், உங்கள் சொந்த நாடு தன் வான்வெளியில் அதை ஏற்க மறுக்கலாம். மற்றொன்று ஐரோப்பியக் குடியிருப்பு விதி, அதைக் கீழே சொல்கிறேன்.

அப்புறம், லைசென்ஸ் விஷயம் வேறு, பறக்கும் விதிகள் வேறு. எந்த நாட்டுப் பதிவாக இருந்தாலும், எந்த நாட்டின் மேலே பறக்கிறீர்களோ அந்த நாட்டின் வான்விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். பதிவு நாட்டின் விதியும் கூடவே வரும். இரண்டில் எது கடுமையோ அதைப் பின்பற்றினால் தப்பு வராது.

2. உங்கள் லைசென்ஸை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்

பெரும்பாலோர் தங்கள் லைசென்ஸின் குறிப்புகள் பகுதியைப் பரீட்சை முடிந்த அன்றைக்குப் படித்ததோடு சரி. இப்போது எடுத்துப் படியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அது ஐ.சி.ஏ.ஓ. தரத்துக்கு உட்பட்ட லைசென்ஸா என்பது. ஐரோப்பாவின் எல்.ஏ.பி.எல். என்ற இலகுரக விமான லைசென்ஸ், அமெரிக்காவின் ஸ்போர்ட் பைலட் சான்று, பல நாடுகளின் அல்ட்ராலைட் அனுமதிகள் எல்லாம் அந்தத் தரத்துக்குக் கீழே உள்ளவை. கொடுத்த நாட்டில் (எல்.ஏ.பி.எல். என்றால் ஐரோப்பிய நாடுகளுக்குள்) நன்றாகச் செல்லும், வெளியே போனால் அந்தந்த நாடு தனியாக அனுமதித்தால்தான் உண்டு. அவற்றை அடிப்படையாக வைத்து வேறு நாட்டில் வேலிடேஷன் கேட்பதும் பெரும்பாலும் நடக்காது. அமெரிக்காவில் வழக்கமான மருத்துவச் சான்றுக்குப் பதிலாக இருக்கும் பேசிக்மெட் ஏற்பாடும் இப்படித்தான்: லைசென்ஸ் முழுத் தரத்தில் இருந்தும் மருத்துவச் சான்று தரத்துக்குக் கீழே போய்விடுவதால், வெகு சில நாடுகள் தவிர மற்றவை ஏற்பதில்லை. பேசிக்மெட்டில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் வெளிநாட்டுத் திட்டம் இருந்தால் மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது மொழி. லைசென்ஸ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் முக்கிய விவரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு அதிலேயே இருக்க வேண்டும். ஆங்கிலத் தகுதிக் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ.சி.ஏ.ஓ. அளவில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். அது பரிந்துரைக்கும் மறுபரிசோதனை இடைவெளி நான்காம் நிலைக்கு 3 ஆண்டு, ஐந்தாம் நிலைக்கு 6 ஆண்டு, ஆறாம் நிலைக்கு மறுபரிசோதனை இல்லை. நாட்டுக்கு நாடு இதில் கொஞ்சம் மாறும். அமெரிக்கச் சான்றில் நிலை எண் இருக்காது, 'ஆங்கிலத்தில் தேர்ச்சி உண்டு' என்று மட்டும் இருக்கும், பழைய சான்றுகளில் அதுவும் இருக்காது. அந்த வரி இல்லாத சான்றை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ரேட்டிங், அதாவது எந்த வகை விமானத்தை, எந்த நிலைமையில் ஓட்டலாம் என்று லைசென்ஸில் சேர்க்கும் தகுதி. ஐரோப்பிய லைசென்ஸுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் அதிலுள்ள ஒற்றை எஞ்சின் பிஸ்டன் ரேட்டிங்குக்கு 2 ஆண்டுதான் ஆயுள். லைசென்ஸ் உயிரோடு இருக்கும், ரேட்டிங் போயிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். வேலிடேஷன் விண்ணப்பத்தில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

3. உண்மையிலேயே கேப்டனாகத்தான் ஓட்ட வேண்டுமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், ஆனால் பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். ஒரே ஒரு நாள், கடற்கரையோரமாக ஒரு சுற்று என்றால், உள்ளூர் பயிற்றுநர் ஒருவரை வலப்பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பறந்துவிடுங்கள். விமானத்தின் பொறுப்பு அவருடையது, லைசென்ஸும் அவருடையது, லாக் புத்தகத்தில் நீங்கள் பயிற்சி நேரமாக எழுதிக்கொள்வீர்கள். எந்த விண்ணப்பமும் வேண்டாம். வேலிடேஷனுக்கு ஆகும் செலவையும் காத்திருப்பையும் கணக்குப் பார்த்தால் பயிற்றுநர் கட்டணம் ஒன்றுமே இல்லை. அந்த ஊரின் வான்வெளி, ரேடியோ பேசும் விதம், எந்த மலைக்குப் பின்னால் காற்று எப்படி அடிக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் கூட இருப்பது தனி லாபம்.

ஒன்று மட்டும்: பறப்பதற்கு முன்பே "இந்தப் பயணத்தில் கேப்டன் நீங்கள்தான்" என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கூட வருபவர் லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் மட்டும்தான், பயிற்றுநர் இல்லை என்றால், நீங்கள் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும் நேரத்தை எங்கும் பதிய முடியாது.

திரும்பத் திரும்பப் போவீர்கள், குடும்பத்தோடு பறக்க வேண்டும், பல நாள் சுற்ற வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

4. அமெரிக்கப் பதிவு விமானம் என்றால்

பெரும்பாலானவர்கள் இதற்காகத்தான் தேடி வருகிறார்கள், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். மூன்று நிலைமைகள் உண்டு.

அமெரிக்காவுக்குள், வேறு நாட்டுப் பதிவு விமானத்தில் பறக்கிறீர்கள் என்றால் அந்தப் பதிவு நாட்டின் லைசென்ஸ் போதும். கனடா விமானம், கனடா லைசென்ஸ்: சரி.

அமெரிக்காவுக்கு வெளியே, அமெரிக்கப் பதிவு விமானத்தில் பறக்கிறீர்கள் என்றால், எந்த நாட்டுக்குள் பறக்கிறீர்களோ அந்த நாடு கொடுத்த லைசென்ஸைப் பயன்படுத்தலாம் என்று எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் 61.3 விதி அனுமதிக்கிறது. இங்கேதான் பெரிய குழி இருக்கிறது. "அந்த நாடு" என்பதை எஃப்.ஏ.ஏ. அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனி கொடுத்த ஐரோப்பிய லைசென்ஸோடு அமெரிக்கப் பதிவு விமானத்தை ஜெர்மனிக்குள் ஓட்டலாம். எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த நொடியில் அந்த அனுமதி போய்விடும். ஐரோப்பிய லைசென்ஸ் ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்பது ஐரோப்பாவின் விதி, அமெரிக்கப் பதிவுக்கு அது பொருந்தாது. எல்லை தாண்டப் போகிறீர்கள் என்றால் அமெரிக்கச் சான்று கட்டாயம் வேண்டும்.

அமெரிக்காவில் அமெரிக்க விமானத்தை வாடகைக்கு எடுப்பது மூன்றாவது. இதற்கும், மேலே சொன்ன எல்லை தாண்டும் பயணத்துக்கும், 61.75 என்று விதியின் எண்ணாலேயே எல்லோரும் சொல்கிற சான்றுதான் வழி. உங்கள் வெளிநாட்டு லைசென்ஸை அடிப்படையாக வைத்து, தேர்வு எதுவும் இல்லாமல், தனியார் விமானி நிலையில் ஒரு அமெரிக்கச் சான்று கொடுப்பார்கள். உங்களிடம் வணிக லைசென்ஸ் இருந்தாலும் கிடைப்பது தனியார் நிலைதான். இதை வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு ஓட்ட முடியாது.

வேலையின் வரிசை இது. முதலில் ஏசி 8060-71 என்ற படிவத்தை நிரப்பி, லைசென்ஸ், மருத்துவச் சான்றின் நகல்களோடு எஃப்.ஏ.ஏ.வின் ஓக்லஹோமா சிட்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் உங்கள் நாட்டு ஆணையத்திடம் "இவர் லைசென்ஸ் உண்மையானதுதானா" என்று எழுதிக் கேட்பார்கள். இதற்கு 45 முதல் 90 நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லி எஃப்.ஏ.ஏ.வே சொல்கிறது. தாமதம் பெரும்பாலும் உங்கள் நாட்டு ஆணையத்தின் பக்கம்தான் இருக்கும். சில ஆணையங்கள் உங்கள் விவரத்தை வெளியே கொடுக்கத் தனி ஒப்புதல் படிவமும் தனிக் கட்டணமும் கேட்கும்; அதைக் கட்டாவிட்டால் அமெரிக்காவிலிருந்து வந்த கடிதம் யாரும் தொடாமல் கிடக்கும், உங்களுக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அமெரிக்கப் படிவம் அனுப்பும் அதே நாளில் உங்கள் ஆணையத்துக்கும் அனுப்பிவிடுங்கள், அப்புறம் நடுவில் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டும் கேளுங்கள்.

சரிபார்ப்புக் கடிதம் வந்தால் அது 6 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் அமெரிக்காவில் எஃப்.எஸ்.டி.ஓ. என்ற வட்டார அலுவலகத்துக்கோ, இதைச் செய்ய அனுமதி பெற்ற தேர்வாளரிடமோ நேரில் போயாக வேண்டும். எந்த அலுவலகம் என்பதைப் படிவத்திலேயே கேட்பார்கள், நீங்கள் போகப் போகும் ஊருக்குப் பக்கத்தில் உள்ளதைப் போடுங்கள். முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். பயணத்தின் முதல் நாளிலோ இரண்டாவது நாளிலோ நேரம் வாங்குங்கள், கடைசி நாளில் வாங்கிப் பயனில்லை. போவதற்கு முன் எஃப்.ஏ.ஏ.வின் ஐ.ஏ.சி.ஆர்.ஏ. விண்ணப்ப இணையதளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிடுங்கள். பாஸ்போர்ட், அசல் லைசென்ஸ், அசல் மருத்துவச் சான்று, லாக் புத்தகம், சரிபார்ப்புக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆங்கிலம் பேசிப் புரிந்துகொள்கிறீர்களா என்பதையும் அங்கேயே பார்ப்பார்கள்.

அமெரிக்க முகவரி இல்லாதவர்களுக்கு 2025இல் ஒரு புதுத் தேவை சேர்ந்திருக்கிறது: சட்ட ஆவணங்களை உங்கள் சார்பில் வாங்கிக்கொள்ள அமெரிக்காவில் முகவரி உள்ள ஒரு முகவரை நியமித்துப் பதிய வேண்டும். ஏற்கனவே சான்று வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் இருக்கும் நண்பரோ உறவினரோ சம்மதித்தால் போதும், காசு வாங்கிக்கொண்டு செய்யும் நிறுவனங்களும் உண்டு.

அலுவலகத்தில் கொடுப்பது தற்காலிகக் காகிதம், 120 நாள் செல்லும். பிளாஸ்டிக் அட்டை தபாலில் பின்னால் வரும். காகிதம் கைக்கு வந்தவுடன் ஓடிப்போய் விமானம் ஏறிவிட முடியாது: ஃப்ளைட் ரிவ்யூ என்ற திறன் மறுஆய்வு ஒன்று பாக்கி இருக்கிறது. குறைந்தது 1 மணி நேரம் தரையில், 1 மணி நேரம் வானில், அமெரிக்கப் பயிற்றுநரோடு. அது 24 மாதத்துக்குச் செல்லும். வாடகைக்கு விடுபவர் தன் விமானத்தில் தனியாக ஒரு சோதனை ஓட்டம் கேட்பார். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வால் சக்கர விமானம், 200 குதிரைத் திறனுக்கு மேல் எஞ்சின், மடங்கும் சக்கரங்கள் போன்றவற்றுக்குத் தனித்தனிப் பயிற்றுநர் கையெழுத்து வேண்டும், 61.75 சான்று இருந்தாலும்.

வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்க அனுமதிக்கும் கருவிப் பறத்தல் ரேட்டிங்கும் இதில் சேர வேண்டுமென்றால் வெளிநாட்டு விமானிகளுக்கான ஒரு எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். அதைத் தனித் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சான்றில் உள்ள மூன்று பொறிகளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே வீண். முதலாவது, சான்றிலேயே உங்கள் வெளிநாட்டு லைசென்ஸின் எண் அச்சாகியிருக்கும், அந்த லைசென்ஸ் கூடவே இருந்தால்தான் செல்லும் என்றும் இருக்கும். அது ரத்தானாலோ காலாவதியானாலோ இதுவும் சேர்ந்து படுத்துவிடும். இரண்டாவது, லைசென்ஸ் எண் மாறினால் சான்று செல்லாது. ஐரோப்பாவுக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு லைசென்ஸை மாற்றிக்கொள்பவர்களுக்கு எண் மாறிவிடும். படிவத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். மூன்றாவது, இரண்டு பக்கத் தடைகளும் சேர்ந்தே உங்களைப் பிடிக்கும். அமெரிக்கத் தனியார் விமானி இரவில் பறக்கலாம், ஐரோப்பிய பி.பி.எல்.லில் இரவு ரேட்டிங் தனி. உங்களிடம் அது இல்லையென்றால், அமெரிக்கக் காகிதம் கையில் இருந்தும் இருட்டிய பிறகு நீங்கள் தரையில்தான்.

அமெரிக்காவுக்கு அடிக்கடி போகிறவர் என்றால், 61.75ஐ விட்டுவிட்டு, தேர்வெழுதித் தனியாக முழு அமெரிக்க லைசென்ஸ் வாங்கிவிடுவதே மேல் என்பது என் கருத்து. அதற்குக் காலாவதி கிடையாது, வேறெந்த லைசென்ஸையும் நம்பி நிற்காது. கூடுதல் செலவு, ஆனால் ஒருமுறைதான்.

5. ஐரோப்பியப் பதிவு விமானம் என்றால்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும், கூடவே ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும் ஈ.ஏ.எஸ்.ஏ. என்ற ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் ஒரே குடையில் வருகின்றன. இதில் ஏதாவது ஒரு நாடு கொடுத்த லைசென்ஸ், மற்ற எல்லா உறுப்பு நாட்டுப் பதிவு விமானங்களுக்கும் செல்லும். உங்களிடம் அது இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2020/723 என்ற விதி வழி சொல்கிறது. ஒரு நாட்டு ஆணையத்திடம் வேலிடேஷன் கேட்கலாம். அது அதிகபட்சம் 1 ஆண்டு. இதற்கு வான்சட்டம், மனிதத் திறன் ஆகிய பாடங்களில் அறிவைக் காட்ட வேண்டும், ஓட்டிக் காட்டும் தேர்வு உண்டு, ஐரோப்பிய விதிப்படியான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், மொழித் தகுதி வேண்டும். படிக்கும்போதே தெரிந்திருக்கும்: ஒரு வார விடுமுறைக்கு இது தாங்காது. 3ஆவது படிக்குத் திரும்புங்கள். அங்கேயே தங்கப் போகிறவர்கள் வேலிடேஷனில் நிற்காமல் நேராக லைசென்ஸை மாற்றிக்கொள்வதே சரி. அதற்குக் குறைந்தது 100 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்க லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 2021 மே முதல் இரு தரப்பு ஒப்பந்தத்தின்படி இதைவிடச் சுலபமான மாற்றுவழி இருக்கிறது, அதை முதலில் பாருங்கள்.

குடியிருப்பு விதி என்று சொன்னேனே, அது இதுதான். விமானத்தை இயக்குபவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருந்தால், விமானம் அமெரிக்கப் பதிவாக இருந்தாலும், அமெரிக்க லைசென்ஸ் மட்டும் போதாது. ஐரோப்பிய லைசென்ஸும் கூட வேண்டும். பல முறை தள்ளிப்போட்ட விதி என்பதால் "அது இன்னும் வரவில்லை" என்று பழைய தகவலைச் சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

பிரிட்டன் தனி. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் லைசென்ஸ் ஐரோப்பியப் பதிவு விமானத்துக்குச் செல்லாது. மறுபக்கம், ஐரோப்பிய லைசென்ஸை பிரிட்டன் பதிவு விமானத்துக்கு ஏற்றுக்கொண்ட சலுகையும் 2022 டிசம்பர் 31ஓடு முடிந்தது. பிரிட்டன் லைசென்ஸோடு பிரிட்டன் பதிவு விமானத்தில் பிரான்சுக்குப் பறந்து போகலாம். அங்கே இறங்கி, பிரான்ஸ் பதிவு விமானத்தை வாடகைக்கு எடுக்க முடியாது. 1ஆவது படியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

6. மற்ற நாடுகள்

கனடாவும் ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டு லைசென்ஸை ஏற்கும் சான்றுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கின்றன. பெயர்கள் மாறும், நடைமுறையின் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான்: உங்கள் ஆணையத்திடம் லைசென்ஸைச் சரிபார்ப்பது, மருத்துவச் சான்று, சில இடங்களில் வான்சட்டத் தேர்வு, ஒரு சோதனை ஓட்டம்.

ஆணையத்துக்கு எழுதும்போது "என் லைசென்ஸ் உங்கள் நாட்டில் செல்லுமா" என்று கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் வரும். விமானத்தின் பதிவு நாடு, உங்கள் லைசென்ஸ் நாடும் வகையும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பகலில் வெளியே பார்த்து ஓட்டும் பார்வைப் பறத்தலா, எல்லை தாண்டுவீர்களா, பயணிகள் உண்டா, கட்டணம் வாங்குவீர்களா என்று எல்லாவற்றையும் நான்கைந்து வரியில் எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. மருத்துவச் சான்றும் ரேடியோவும்

மருத்துவச் சான்று எந்த நாட்டு விதிப்படி என்பதை லைசென்ஸோடு சேர்த்தே பாருங்கள். 61.75க்கு உங்கள் லைசென்ஸ் நாட்டின் மருத்துவச் சான்றே போதும், அமெரிக்கச் சான்று தனியாக எடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய வேலிடேஷனுக்கு அப்படி இல்லை.

காலக்கணக்கிலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்க மூன்றாம் வகுப்பு 40 வயதுக்குள் 60 மாதம், அதற்கு மேல் 24 மாதம், அதுவும் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை. ஐரோப்பிய இரண்டாம் வகுப்பு 40 வரை 60 மாதம், 50 வரை 24, அதற்கு மேல் 12, சான்றில் போட்ட தேதியோடு சரி. ஒன்றுக்குப் பழகியவர்கள் மற்றதில் மாதக் கடைசி வரை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது சகஜம்.

பயணிகளை ஏற்றுவதானால் கடைசி 90 நாளில் 3 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்டு. ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ரேடியோவுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். அமெரிக்க விமானிகளுக்கு உள்நாட்டில் அது தேவையில்லை, வெளிநாடு பறந்தால் எஃப்.சி.சி. என்ற அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கொடுக்கும் அனுமதி தேவை. ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால் ஒருமுறை வாங்கினால் போதும். விமானத்தின் ரேடியோ நிலைய உரிமம் வேறு, அதை உரிமையாளரிடம் கேளுங்கள்.

8. காப்பீடு

லைசென்ஸ் செல்லாமல் ஓட்டினால் அபராதத்தைவிடப் பெரிய அடி இங்கேதான் விழும். விமானி பதிவு நாட்டின்படி தகுதியானவராக இருக்க வேண்டும் என்று பாலிசிகளில் வழக்கமாகவே ஒரு நிபந்தனை இருக்கும். அது இல்லையென்றால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு வேறு காரணமே தேவையில்லை. ஆகவே உங்கள் பெயர், லைசென்ஸ் வகை, பறக்கப் போகும் நாடுகள் மூன்றையும் குறிப்பிட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாடகைக்கு விடுபவர் "எல்லாம் எங்கள் பாலிசியில் அடக்கம்" என்று சொன்னால், விமானத்துக்கு ஆகும் சேதத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

ஐரோப்பாவில் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு, 785/2004 விதி. 500 கிலோவுக்குக் குறைந்த விமானத்துக்கு 7.5 லட்சம் எஸ்.டி.ஆர்., 1,000 கிலோவுக்குள் 15 லட்சம், 2,700 கிலோவுக்குள் 30 லட்சம். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, நாணய மதிப்பு அன்றாடம் மாறும். வெளியிலிருந்து வரும் விமானத்துக்கும் இது பொருந்தும்.

9. செலவும் காலமும்

அமெரிக்காவின் 61.75க்கு எஃப்.ஏ.ஏ. அலுவலகத்தில் கட்டணம் கிடையாது. தேர்வாளரிடம் போனால் அவர் வாங்குவார். அதனால் செலவு எல்லாம் மற்ற இடங்களில்: உங்கள் ஆணையத்தின் சரிபார்ப்புக் கட்டணம், பயிற்றுநர், ரிவ்யூவுக்கான விமான வாடகை, அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போய் வருவது. ஐரோப்பாவில் மருத்துவப் பரிசோதனையும் தேர்வாளரும் விமானமும்தான் பணத்தைத் தின்னும், ஆணையக் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு.

காலத்துக்கு என் கணக்கு: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு விமானத்தின் பதிவு நாட்டை உறுதி செய்து, ஆணையத்துக்கு எழுதுங்கள். நான்கு மாதம் முன்பு படிவங்கள் போய்விட வேண்டும். அதைவிட ரொம்பச் சீக்கிரம் அனுப்பினால் 6 மாதக் கடிதம் பயணத்துக்கு முன்பே காலாவதியாகிவிடும் ஆபத்து இருக்கிறது, தாமதித்தால் கடிதமே வராது. பயணத் தேதி தள்ளிப்போகலாம் என்ற சந்தேகம் இருந்தால் கடிதம் வரும் வரை விமானச் சீட்டு வாங்காமல் இருங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு அலுவலகத்தில் முன்பதிவு, பயிற்றுநர் முன்பதிவு, காப்பீட்டு ஒப்புதல்.

10. பையில் வைக்க வேண்டியவை

அசல்கள்: லைசென்ஸ், வேலிடேஷன் அல்லது 61.75 சான்று, மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், ரேடியோ அனுமதி. ரிவ்யூ கையெழுத்து உள்ள லாக் புத்தகப் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் இருக்கிறது என்பது எல்லா நாட்டிலும் செல்லுபடியாகாது.

விமானத்தில் இருக்க வேண்டியவை என்று உடன்படிக்கையின் 29ஆவது பிரிவு சொல்வது: பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, விமானிகளின் லைசென்ஸ், பயணப் பதிவேடு, ரேடியோ உரிமம், பயணிகள் இருந்தால் அவர்களின் பட்டியல். பறக்கும் தகுதிச் சான்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொந்தமாகக் கட்டிய விமானங்களுக்கும் பரிசோதனை வகை விமானங்களுக்கும் கொடுக்கும் அனுமதி சர்வதேசத் தரத்தில் இருக்காது. உங்கள் லைசென்ஸ் சுத்தமாக இருந்தாலும், நுழையும் ஒவ்வொரு நாட்டின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

குத்தகையில் போன விமானம் என்றால் இன்னொன்று கேளுங்கள்: 83 பிஸ் என்ற பிரிவின்படி பதிவு நாடு தன் பொறுப்பை வேறு நாட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறதா? கொடுத்திருந்தால் லைசென்ஸ் விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய நாடே மாறிவிடும், அந்த ஒப்பந்தத்தின் நகல் விமானத்தில் இருக்க வேண்டும். சின்ன விமானங்களில் இது அபூர்வம்.

ஐரோப்பாவில் வெளிநாட்டு விமானங்களைத் தரையில் நிறுத்திச் சோதிப்பது உண்டு, சின்ன விமானம் என்று விட்டுவிட மாட்டார்கள். சோதிப்பவருக்கு உங்கள் நாட்டு லைசென்ஸ் பழக்கமில்லாததாக இருக்கலாம். வேலிடேஷன் சான்று, லைசென்ஸ், மருத்துவச் சான்று மூன்றையும் ஒரே உறையில் இந்த வரிசையில் வைத்து, ஆணையத்திடமிருந்து வந்த மின்னஞ்சலை மேலே வைத்துக் கொடுங்கள். அவர் கேட்கப் போகும் முதல் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.